கொகொரோ: அந்த அப்பா என்ன ஆனார்?

பழுப்புத்தாள்:

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் 'கொகொரோ' நாவலை முடித்துவிட்டு, இரண்டாம் பகுதியை மட்டும் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மெரிடித் மெக்கின்னியின் ஆங்கில மொழிபெயர்ப்பு. கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

இந்த நாவலைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு, கதை சொல்லும் பையன் குருவாக நினைக்கும் சென்செயிடமும் அவர் நண்பன் கேயிடமும் போய் நின்றுவிடுகிறது. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு மாணவர்கள். வீட்டுக்காரம்மாவின் மகள் மேல் இருவருக்கும் ஆசை. கே மனம் திறந்து சொன்னதைக் கேட்டுக்கொண்ட சென்செய், முந்திக்கொண்டு பெண் கேட்டுவிடுகிறார். கே தற்கொலை செய்துகொள்கிறான். பிறகு சென்செய் அவளையே கட்டிக்கொள்கிறார். சரி, கனமான விஷயம்தான். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் கதை சொல்லும் பையனுடைய அப்பா.

பையன் தோக்கியோவில் படிப்பு முடித்து, பட்டச் சான்றிதழோடு ஊருக்கு வருகிறான். அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முன்பே அறையில் அதைத் தொலைநோக்கி மாதிரி சுருட்டி, ஓட்டை வழியாக உலகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டவன். சென்செய்க்கோ தன்னுடைய சான்றிதழ் எங்கே கிடக்கிறது என்றே நினைவில்லை. ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தால் அது நசுங்கிப்போயிருக்கிறது. சிறுநீரக நோயாளியான அப்பா அதை வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி அறையின் அலங்கார மாடத்தில் நிறுத்தி வைக்கிறார். தடித்த காகிதம், வளைந்தது வளைந்ததுதான். நிறுத்த நிறுத்தச் சரிகிறது. மகன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான்.

பட்டத்துக்கு ஊரைக் கூட்டி விருந்து வைக்கவும் அவருக்கு ஆசை. மெய்ஜி பேரரசருக்கு உடல்நிலை சரியில்லை என்று செய்தி வருகிறது, விருந்து நின்றுபோகிறது. 1912 ஜூலை 30இல் பேரரசர் இறக்கிறார். செப்டம்பரில் இறுதிச் சடங்கு நடக்கும் நாளில் பேரரசரைப் பின்தொடர்ந்து தளபதி நோகியும் அவர் மனைவியும் தற்கொலை செய்துகொள்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பா பிதற்றலில் நோகியிடம் மன்னிப்புக் கேட்கிறார், இதோ நானும் பின்னாலேயே வருகிறேன் என்கிறார்.

அந்த நேரம் பார்த்து சென்செயின் கடிதம் வருகிறது. இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்ற வரி பையன் கண்ணில் படுகிறது. அப்பா இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்குவாரா என்று கேட்க மருத்துவர் வீட்டுக்கு ஓடுகிறான், அவர் வெளியே போயிருக்கிறார். நேராக ரயில் நிலையம். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பென்சிலால் நாலு வரி எழுதி ரிக்‌ஷாக்காரரிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறிவிடுகிறான்.

அதற்கப்புறம் மூன்றாம் பகுதி முழுக்க, சென்செய் கேயின் கதையைச் சொல்லும் அந்தக் கடிதம் மட்டும்தான். கடிதம் முடிந்தால் நாவலும் முடிந்தது. பையன் தோக்கியோ போய்ச் சேர்ந்தானா, அப்பா எப்போது போனார், ஒரு வரி கிடையாது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்கு ஆசிரியர் மேலேயே கோபம் வருகிறது. நீங்கள் இப்போது வாசிக்கும் புத்தகம் எதுவும் இப்படிப் பாதியில் இறக்கிவிட்டதா?

நடுப்பக்கம்:

இதில் பாதி பத்திரிகைத் தொடரின் விளையாட்டு. 'கொகொரோ' 1914 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அசாஹி நாளிதழில் 110 தவணைகளாக வந்தது. அந்தப் பொதுத் தலைப்பின் கீழ் பல சிறுகதைகள் எழுதுவதுதான் சோசெகியின் முதல் திட்டம். முதல் கதையாகத் தொடங்கிய 'சென்செயின் உயில்' நீண்டுகொண்டே போய் அதுவே நாவலாகிவிட்டது. நூலாகப் போட்டபோதுதான் மூன்று பகுதிகளாகப் பிரித்தார். அட்டையை வடிவமைத்ததும் அவரே.

கணக்குப் பாருங்கள்: 36, 18, 56 அத்தியாயங்கள். பாதிக்கு மேல் கடிதம். அப்பா வருகிற பகுதிதான் ஆகச் சிறியது. தினமும் ஒரு துண்டு எழுதி அனுப்புகிறவர், கடிதம் இவ்வளவு தூரம் இழுத்த பிறகு அப்பாவிடம் திரும்பிப் போகத் தேவையில்லை என்று விட்டிருப்பார். இதில் பெரிய தத்துவம் தேட வேண்டாம் என்பது என் கட்சி.

அடிக்கோடு:

நடுப்பக்கம் சொல்லும் தகவல் சரி, முடிவு சரியில்லை. திட்டம் மாறியிருக்கலாம். ஆனால் முதல் பகுதியை எழுதும் 'நான்' ரயிலில் உட்கார்ந்திருக்கும் பையன் இல்லை. பல காலம் கழித்து எழுதுகிற ஆள். அதற்கான தடயங்கள் உள்ளேயே கிடக்கின்றன.

நாவலின் தொடக்கத்திலேயே, சென்செயை ஓர் ஒற்றை எழுத்தால் குறிப்பிட எனக்கு மனம் வரவில்லை, அது அந்நியமாக இருக்கும் என்கிறான். நண்பனை வெறும் 'கே' என்று எழுதியவர் யார்? சென்செய். குருவின் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, குருவுக்கே வைத்த குட்டு அது. இன்னோர் இடத்தில், அப்போது எனக்குக் குழந்தை இருந்ததில்லை என்கிறான். அந்த 'அப்போது' சும்மா வந்து விழுந்த சொல் இல்லை. சென்செயின் மனைவிக்கு இன்றைக்கு வரை உண்மை தெரியாது என்றும் ஒரு வரி வருகிறது. ஆக அந்த அம்மா உயிரோடு இருக்கிறார். அவர் இருக்கும்வரை யாரிடமும் சொல்லாதே என்று கடிதம் கேட்டுக்கொண்ட பிறகும் இவன் எழுதுகிறான்.

இத்தனையும் சொல்லத் தெரிந்தவன் அப்பா பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டான் என்று நான் நம்பத் தயாராக இல்லை. சென்செய் தன் துரோகத்தை 56 அத்தியாயத்துக்குக் கொட்டித் தீர்த்தார். பையன் தன்னுடையதை ஒரு வரியில்கூடக் கொட்டவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பயங்கரம்.

தாமதவாசி:

எனக்குக் கேயும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம். அந்த மனைவியைப் பற்றி யாராவது பேசுங்கள். பெயர் ஷிசு என்று சென்செய் கூப்பிடும்போதுதான் நமக்கே தெரிகிறது. தளபதி நோகியின் மனைவி பெயர் ஷிசுகோ. நோகி மனைவியோடு போனார். சென்செய் தன் ஷிசுவிடம் ஒன்றும் சொல்லாமல், அவள் மனது களங்கப்படக் கூடாது என்று காரணம் வேறு சொல்லிவிட்டுப் போகிறார். நல்லவர் என்று நினைப்பு!

நான் இப்போது வாசிப்பது தனிசாகியின் 'மக்கியோகா சகோதரிகள்', சைடன்ஸ்டிக்கர் மொழிபெயர்ப்பு. நான்கு சகோதரிகள், மூன்றாமவள் யுகிகோவுக்கு வரன் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை, ஆனால் கீழே வைக்க முடியவில்லை. 1943இல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியதும், போர்க்காலத்தில் பெண்களின் பட்டும் பூவுமா என்று ராணுவம் நிறுத்திவிட்டது. 1948இல்தான் முழுதாக முடிந்தது. 1938 கோபே வெள்ளம் வரும் பக்கங்களை வாசிக்கும்போது வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசித் தங்கை தாயெகோவை உயிரைப் பணயம் வைத்துத் தூக்கி வருகிறான் ஒரு புகைப்படக்காரன். அப்புறம் அதே ஆள் காதில் செய்த அறுவையால் கிருமி தொற்றி, கால் அழுகி, வலியில் கத்திக் கத்திச் சாகிறான். தனிசாகி கண்ணை மூடிக்கொள்ளவே இல்லை.

பாதியில் இறக்கிவிடுவது பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமாகி யுகிகோ தோக்கியோ போகிறாள். நாவலின் கடைசித் தகவல்: வயிற்றுப்போக்கு ரயிலில் ஏறிய பிறகும் நிற்கவில்லை. கல்யாணத்தைக் காட்டவே இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

நடுப்பக்கம்:

அப்படியென்றால் இந்தப் பழக்கம் ஆயிரம் வருடப் பழக்கம். முரசாகி ஷிகிபுவின் 'கெஞ்சி கதை'யில் 54 அத்தியாயங்கள். 41ஆவது வரை நாயகன் இருக்கிறான், 42 தொடங்கும்போது இறந்துபோயிருக்கிறான். நடுவில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டும் வழங்கிவருகிறது, உள்ளே ஒரு சொல்கூட இல்லை.

அடிக்கோடு, குருவுக்குக் குட்டு என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்பா விஷயத்தில் இன்னும் இல்லை.

பழுப்புத்தாள்:

அடிக்கோடு சொன்ன பிறகு கோபம் ஆசிரியரிடமிருந்து பையன் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் ஒன்று இடிக்கிறது. மௌனம் காக்கிறவன், சான்றிதழ் சரிந்து விழுந்ததை ஏன் அவ்வளவு விலாவாரியாக எழுத வேண்டும்? தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடமாயிற்றே அது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவன் அந்த ஒரு காட்சியிலாவது சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாமா? நோகி மனைவி பற்றித் தாமதவாசி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, அதற்கு நன்றி.

அந்தக் குழந்தை வரி எந்த அத்தியாயம்?

அடிக்கோடு:

முதல் பகுதி, எட்டு. ஒரு குழந்தை இருந்தால் நன்றாக இருக்கும் என்று மனைவி பேச்செடுக்கிறார். நமக்கு எப்போதும் பிறக்காது, தெய்வ தண்டனை என்று சொல்லிச் சென்செய் உரக்கச் சிரிக்கிறார். முதல் வாசிப்பில் வெறும் குசும்பாகத் தெரியும். கடிதத்தை முடித்துவிட்டு வந்தவர் நீங்கள், இப்போது படித்துப் பாருங்கள்.

சான்றிதழ் பற்றிய உங்கள் கேள்விக்கு ஆம் என்றுதான் நினைக்கிறேன். அடுத்து சோசெகியின் 'வாயில்' எடுங்கள், 1910இல் வந்தது. நண்பனின் துணைவியைக் கட்டிக்கொண்டவன் அவளோடு ஒதுங்கி வாழும் கதை. அங்கே அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். தாமதவாசிக்கும் பிடிக்கும்.