தவில், நாகஸ்வர சாம்பிளுக்கு ஃபில்டரும் ஈக்யூவும்: அனுபவம் பகிருங்கள்

கும்பகோணம்:
தவில் சாம்பிள் (இசையில் பயன்படுத்த எடுத்த சிறு ஒலிப்பதிவு) கைக்கு வந்ததும் 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் ஃபில்டர்) போட்டுவிடுகிறார்கள். விரலால் வாசிக்கும் பக்கமான வலந்தலைக்குப் பாதகமில்லை. குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பிக்குப் போட்டால் குச்சிச் சத்தம்தான் மிஞ்சும், ‘தொம்’ காணாமல் போகும். இரண்டு பக்கமும் ஒரே மைக்கில் விழுந்திருந்தால் முதலில் அடி அடியாக வெட்டிப் பிரியுங்கள், ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) அப்புறம். தொப்பிக்கு 40 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 12 டெசிபல் சரிவு போதும். வலந்தலைக்கு ஃபில்டரை மெல்ல ஏற்றி, அடி மெலிகிற இடம் தெரிந்ததும் 20 ஹெர்ட்ஸ் இறக்கி நிறுத்துங்கள்.

மன்னார்குடி:
அண்ணே, அதற்கும் முன்னால் இரைச்சலைப் பாருங்க. அடி விழுவதற்கு முந்தைய மௌனத்தை மட்டும் அனலைசரில் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டுவதில்) ஓட்டினால் 50, 100, 150 என்று கரண்ட் இரைச்சல் முள் முள்ளாகத் தெரியும். அங்கே நாட்ச் (ஒரு குறுகிய இடத்தை மட்டும் வெட்டும் ஃபில்டர்) போடலாம். ஆனால் திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடும்போது பிடித்த பதிவு என்றால் முள் 50-லேயே நிற்காது, லோடு ஏற இறங்க நகரும். க்யூ (நாட்ச் எவ்வளவு குறுகல் என்ற அளவு) 30 வைத்தால் அகலம் 1.7 ஹெர்ட்ஸ்தான், இரைச்சல் தப்பிவிடும். 10-க்கு இறக்கினால் 5 ஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கும். ரொம்பக் குறுகலான நாட்ச் அடிக்குப் பின்னால் ‘ஊம்’ என்று இழுக்கவும் செய்யும்.

திருவாரூர்:
நாகஸ்வரத்தில் ஒரு பேண்டை (அலைவரிசைப் பட்டையை) 10 டெசிபல் தூக்கி, கிறீச்சிடும் இடத்தைத் தேடி வெட்டும் பழக்கத்தை விடுங்கள். அவ்வளவு தூக்கினால் எந்த இடமும் கிறீச்சிடும். 2 கட்டை சட்ஜம் 293.7 ஹெர்ட்ஸ் என்றால் 587, 881, 1175 எல்லாம் அதன் மேற்சுரங்கள். 1175-ஐ வெட்டினால் சட்ஜம் மங்கும், பக்கத்து ரிஷபம் பளிச்சென்று நிற்கும். மூன்று ஸ்வரத்தை ஓட்டிப் பாருங்கள். ஸ்வரம் மாறியும் நகராத மேடு மண்டபத்துடையது அல்லது கருவியுடையது. அதை மட்டும் 3 டெசிபல் குறைத்தால் போதும்.

தஞ்சாவூர்:
கும்பகோணத்தாருடன் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. சுருதியை முடிவு செய்யாமல் 40, 100 என்று எண் சொல்லி என்ன பயன்? தொப்பியை 12 செமிடோன் (ஒரு ஆக்டேவ்) இறக்கினால் 100-இல் இருந்த இரைச்சல் 50-க்கு வரும். 50-இல் இருந்தது 25-க்குப் போய், காதில் விழாமலே ஹெட்ரூமை (ஒலி உடையாமல் ஏற்ற மிச்சமுள்ள இடத்தை) தின்னும். அப்போது ஹை-பாஸ் இறக்கிய பிறகுதான். ஏற்றுவதென்றால் தலைகீழ்: 50 இரைச்சல் 100-க்கு வந்து நன்றாகக் கேட்கும், அதனால் முன்னாலேயே துடைக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளை ஒரு ஆக்டேவ் இறக்கினால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. அங்கே ஷெல்ஃப் (ஓர் இடத்துக்கு மேலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும் ஈக்யூ) தூக்குவது வீண் வேலை. சாம்ப்ளரில் (சாம்பிளை கீபோர்டில் வாசிக்க வைப்பதில்) பல சாவிகளுக்குப் பரப்பினால், மேல் ஒலியை வெட்டும் லோ-பாஸில் கீ-ட்ராக்கிங் (சாவியோடு ஃபில்டரும் நகர்வது) 100 சதவீதம் வையுங்கள்.

கும்பகோணம்:
ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்கள் சுருதி மாற்றாத சாம்பிளுக்குத்தான். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) பற்றியும் ஒன்று: வெட்டி முடித்த லூப்பை ஃபில்டரில் ஓட்டி எடுத்தால் இணைப்பில் ‘டிக்’ வரும், ஏனென்றால் ஃபில்டர் ஒவ்வொரு முறையும் சூன்யத்திலிருந்து தொடங்குகிறது. லூப்பை மூன்று முறை ஒட்டி, மொத்தமாக ஓட்டி, நடுவில் உள்ளதை மட்டும் வெட்டி எடுங்கள்.

மயிலாடுதுறை:
லீனியர் ஃபேஸ் ஈக்யூ (எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு தாமதிப்பது) தவிலுக்குச் சரிவருமா?

மன்னார்குடி:
வராது தம்பி. அடிக்கு முன்னாலேயே மெல்லிய அதிர்வு கேட்கும், அடியின் கூர்மை மழுங்கும். சரிவு செங்குத்தாக ஆக ஆக இது மோசமாகும். சாதாரண மினிமம் ஃபேஸ் போதும்.