அப்பா அம்மாவோடு கச்சேரிக்குப் போவதா, அவர்களை அவர்கள் பாட்டில் விடுவதா?

கடலோரம் (கொழும்பு, வெள்ளவத்தை):
போன வாரம் இங்கே ஒருவர், "வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரோடு இசை நிகழ்ச்சிக்குப் போவது வெறும் கடமை, அதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை" என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

நாற்பது வயதில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பாட்டுக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். வீட்டில் நாங்கள் கதைப்பதெல்லாம் பிரஷர் மாத்திரை, கரண்ட் பில், கனடாவில் இருக்கும் தம்பி எப்போது வருவான் என்பதுதான். சரஸ்வதி மண்டபத்துக்குள் போய் இருந்துவிட்டால் அந்தக் கதை ஒன்றும் வராது. அப்பா தொடையில் தாளம் போடத் தொடங்குவார். ஒரு அடி, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் அடி, வீச்சு, அடி, வீச்சு. நான் சங்கீதம் படித்தவள் இல்லை. சங்கீத வகுப்புக்குப் போகிற வயதில் நாங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். பாட்டை நிறுத்தி மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்தால் மேடையில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்காது, அப்பாவின் கையைப் பார்த்தால் விளங்கும். மிருதங்கக்காரர் எங்கெங்கோ போய்ச் சுற்றுவார். அப்பாவின் கை மட்டும் மாறாமல் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். அதே கச்சேரியை வீட்டில் யூடியூப்பில் போட்டுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் நித்திரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990க்குப் பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் பல வருடம் கரண்ட் இருக்கவில்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். நல்ல வயதெல்லாம் அப்படிப் போன மனிதர்களுக்கு முன்னால் இன்றைக்கு ஒரு பாடகர் நேரில் நின்று பாடுகிறார் என்றால், நான் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

பம்பலப்பிட்டிப் பெடியன்:
அக்கா, அதை எழுதியவன் நான்தான். நீங்கள் சொல்வது கர்நாடக சங்கீதக் கச்சேரி. நான் சொன்னது சென்னையிலிருந்து சினிமாப் பாடகர்கள் வந்து நடத்தும் நிகழ்ச்சிகளைப் பற்றி. ஆறு மணி என்று போடுவார்கள். எட்டு மணிக்கும் மைக் டெஸ்டிங் நடக்கும். திறந்த மைதானம் என்றால் ஈர நிலத்தில் பிளாஸ்டிக் கதிரை, வரிசைக்கு நடுவில் கால் வைக்க இடமிருக்காது. சுகததாச உள்ளக அரங்கு என்றால் படி ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வருத்தம் இருக்கிற அம்மா, ஒரு தடவை பாத்ரூம் போய் வர அரை மணித்தியாலம். முடிந்து வெளியே வந்தால் அந்த நேரத்தில் ஓட்டோ பிடிப்பது தனிப் பாடு.

அதையெல்லாம் சமாளிக்கலாம் என்றே வையுங்கள். பாட்டு ஏறினால் நான் எழும்பி நின்று ஆடுகிறவன், தொண்டை கிழியக் கத்துகிறவன். அப்பா பக்கத்தில் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். அவருக்கும் அது தெரியும். எனக்காக அவர் பொறுத்துக்கொண்டு இருக்கிறார், அவருக்காக நான் பொறுத்துக்கொண்டு இருக்கிறேன். தன்னுடைய கூட்டாளிகளோடு போய் வருகிற நாளில் நடுச்சாமம் வரைக்கும் படிக்கட்டில் நின்று கதைத்துவிட்டுத்தான் மேலே வருவார். நான் கூட்டிக்கொண்டு போனால் "நல்லா இருந்தது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். அவருக்கும் கூட்டாளிகளுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுதான் உண்மையான அன்பு என்று நினைக்கிறேன்.

கடலோரம்:
கூட்டாளிகள் இருக்கிற அப்பாவுக்கு அது சரி தம்பி. என் அப்பாவின் கூட்டாளிகள் எங்கே? ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் லண்டனில், மற்றவர்கள் ஆல்பத்தில். வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் ஏறிப் பாருங்கள், மாடிக்கு மாடி இப்படித்தான். பிள்ளைகளும் வெளிநாடு, சினேகிதரும் வெளிநாடு. லிப்டில் ஏறி இறங்குவதைத் தவிர வெளியே போக்குவரத்து இல்லாத மனிதர்கள். நான் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவர் போகவே மாட்டார்.

தவில் ரசிகன்:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு முன்னால் ஆட வெட்கம் என்கிறீர்கள். அவர் எந்தக் காலத்து ஆள் என்று யோசித்தீர்களா? 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடல் பாடித் திரிந்த நேரத்தில் அவர் இளந்தாரி. அந்த மேடைகளுக்கு முன்னால் சனம் எப்படி ஆடியது என்று வயது போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலங்கை வானொலியில் அந்தப் பாட்டுகள் போகும்போது வீட்டுக்குள்ளேயே ஆடினார்கள். இன்றைக்குச் சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு அமைதியாக இருக்கிறார் என்பதற்காக, ஆடத் தெரியாதவர் என்று முடிவு கட்டாதீர்கள்.

கோயில் திருவிழாவை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அதுவும் நேரடி இசைதானே. நாலு தவில் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் தகப்பனும் மகனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று கேட்பதை இன்றைக்கும் பார்க்கலாம். டிக்கெட்டும் இல்லை, கதிரையும் இல்லை, விரும்பிய நேரம் போகலாம்.

பம்பலப்பிட்டிப் பெடியன்:
அண்ணா, அவர் ஆடுவார் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் பைலா போட்டால் கூட்டாளிகளோடு ஆடுவார். நான் உள்ளே வந்ததும் போய் இருந்துவிடுவார். அவருக்கு முன்னால் நான் ஆடாததும் எனக்கு முன்னால் அவர் ஆடாததும் ஒன்றுதான். அதைத்தான் சொல்கிறேன்.

தெஹிவளை மாமி:
பெற்றோர், பெற்றோர் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அந்த வயதில் இருக்கிற ஒருத்தி எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். எனக்கு 69 வயது.

தமிழ்ச் சங்கத்தில் நல்ல பாட்டு என்றால் நான் தனியாகவே போவேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கினால் மிச்சம் நடக்கிற தூரம். மகள் கூட்டிக்கொண்டு போகிற நாளில் எனக்குக் கச்சேரி பாதிதான். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் "அம்மா களைக்குதா, தண்ணி வேணுமா, ஏசி குளிருதா" என்று கேட்பாள். தன் போனில் என்னைப் படம் எடுப்பாள். கச்சேரியை முடிக்கிற மங்களம் பாட முதலே "போவமா, பிறகு கார் எடுக்கேலாது" என்று எழும்புவாள். மங்களத்துக்கு முன்னால் எழும்பிப் போவது எங்கள் வீட்டில் பழக்கமே இல்லை. பாடுகிறவர்களுக்கு அது எவ்வளவு மரியாதைக் குறைவு! மகளுக்கு என்னில் அன்பு இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரம் அவள் பாட்டைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகளே, இன்னொரு கேள்வி. எங்களை எப்போதும் எங்கள் காலத்துப் பாட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். நீங்கள் விரும்பிக் கேட்கிற பாட்டுக்கு எங்களில் யாரையாவது கூப்பிட்டிருக்கிறீர்களா? பேத்தி ஏதோ ராப் நிகழ்ச்சிக்குப் போய் வந்து இரண்டு நாள் முகம் முழுக்க வெளிச்சமாகத் திரிந்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனை சவுண்ட்:
மாமி, மேடை ஒலியமைப்புத்தான் என் தொழில். தாராளமாகப் போங்கள், ஆனால் காதைக் கவனித்துக்கொண்டு போங்கள். 85 டெசிபெலில் 8 மணித்தியாலம் இருக்கலாம் என்பது வேலைத்தளங்களுக்குச் சொல்லப்படுகிற கணக்கு. 3 டெசிபெல் ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100க்கு வந்தால் 15 நிமிடம்தான். இசை நிகழ்ச்சிகளில் சராசரி 100ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை போட்டது. ஸ்பீக்கருக்கு முன்னால் அதற்கு மேலும் போகும். தவிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் இதே கதைதான் ரசிகன் அண்ணா, மேளம் என்பதற்காகக் காது விட்டுக்கொடுக்காது.

ஆகவே முன்வரிசை டிக்கெட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். சவுண்ட் மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்கு அண்மையில் இருங்கள். ஒலியைச் சரிசெய்கிறவன் தன் காதுக்குத்தான் சரிசெய்கிறான், அங்கேதான் பாட்டு நன்றாக இருக்கும். பஞ்சு வைக்காமல் பார்மசியில் காதடைப்பான் வாங்கி வையுங்கள்.

தெஹிவளை மாமி:
நன்றி தம்பி. எனக்குக் காது மெஷின் இருக்கிறது. புல்லாங்குழல் கேட்கப் போனால் நடுவில் ஒரு மாதிரி நடுங்குகிறது. மெஷின் பழுதா?

கொட்டாஞ்சேனை சவுண்ட்:
பெரும்பாலும் பழுது இல்லை மாமி. அந்த மெஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. குழலில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் மெஷின் அதைத் தன்னுடைய கீச்சொலி என்று நினைத்து அமுக்கப் பார்க்கும், அதுதான் நடுக்கம். பல மெஷின்களில் இசைக்கென்று தனி அமைப்பு இருக்கிறது, வாங்கிய இடத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வயதோடு மேல்சுருதிதான் முதலில் குறையும். அதனால் மெட்டு கேட்கும், ச, த மாதிரி எழுத்துகள் தெளியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை பாட்டின் முதல் வரியைக் காதில் சொன்னால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும்.

கடலோரம்:
மாமி, உங்கள் மகள் செய்வதில் பாதியை நானும் செய்கிறேன். தண்ணீர்ப் போத்தலை இனி அப்பாவின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஆனால் கூடப் போவதை விட மாட்டேன். கவனிப்பு கூடிவிட்டது என்றால் கவனிப்பைக் குறைக்கலாம், கூட இருப்பதை ஏன் குறைக்க வேண்டும்?

பம்பலப்பிட்டிப் பெடியன்:
மாமி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நான் கூப்பிட்டதில்லை, கூப்பிடப் போவதும் இல்லை. எனக்கு 31 வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்த ஊர் வாடகைக்குத் தனியாக வீடு எடுக்க ஏலாது. அப்பா அம்மாவோடு ஒரே ஃபிளாட், என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். போனில் கதைப்பதும் கேட்கும், எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்பதும் தெரியும். அவர்கள் நல்ல மனிதர்கள், சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களின் கண் படாமல் நான் முழுசாக இருக்கிற இடம் அந்த மூன்று மணித்தியாலம் மட்டும்தான். அதை நான் யாருக்கும் தர மாட்டேன். கோயில் மேளத்துக்கு அப்பா கூப்பிட்டால் போவேன், அது அவருடைய இடம்.

கடலோரம்:
இது எனக்கு விளங்குகிறது தம்பி. உங்கள் வீட்டு நிலைமையில் நானும் அப்படித்தான் நினைப்பேனோ என்னவோ. ஆனால் நீங்கள் எழுதியது "யாருக்கும் சந்தோஷம் இல்லை" என்று. என் அப்பா அடுத்த கச்சேரிக்கான அழைப்பிதழைக் கலண்டரில் குத்தி வைத்துக்கொண்டு, "நீ அண்டைக்கு வேலையாலே நேரத்துக்கு வருவாய்தானே" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்து நீங்கள் எழுதக் கூடாது. அதை மட்டும் நான் விட மாட்டேன்.