புதுப்பிப்பு: பேட்டரி வயர் மாறிய கார் கிளம்பிவிட்டது

வேறொரு பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தபோது பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போய், 'டப்' என்ற சத்தத்தோடு கார் அப்படியே செத்துவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? இப்போது ஓடுகிறது.

பேட்டரி தப்பித்துக்கொண்டது, 12.6 வோல்ட் காட்டியது. போனது மெயின் ஃபியூஸ். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்துப் பெட்டியில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும், மற்றவை போலப் பிடுங்கி எடுக்க முடியாது. மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரிந்தது. மல்டிமீட்டர் வைத்தால் தொடர்பே இல்லை. கழற்றினால், நடுத்தகடு உருகி மயிரிழை அளவு இடைவெளி விட்டிருந்தது. நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, அதே ஆம்பியரில் புதியதை மாட்டினோம். வண்டி கிளம்பியது.

ஆனால் பேட்டரி விளக்கு அணையவில்லை. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் சுமாருக்கு வர வேண்டியது, 12.3-லிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் காலி! துருவம் மாறினால் மின்சாரம் நேராக அவற்றில்தான் பாயும். அந்த டயோடுகள் இருக்கும் ரெக்டிஃபையரை மட்டும் மாற்றியதும் 14.2 வோல்ட்.

முந்தைய பதிவில் ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, மாற்றச் சொன்னவர்களே, அது நலம். ரேடியோதான் இன்னும் ஊமை. அதன் பின்பக்கத்து ஃபியூஸை இனிமேல்தான் பார்க்க வேண்டும், அவசரமில்லை.