வீடு முழுக்க பொம்மை, பெரிய பெட்டி வாங்கியும் தீரவில்லை: வழி சொல்லுங்கள்

மடிப்பாக்கம்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு பெட்ரூம் வாடகை வீடு, கடைசி மாடி, தலைக்கு மேல் நேரே மொட்டை மாடி. மூத்தவன் யூகேஜி. சின்னவளுக்குப் பத்து மாதம், வீடு முழுக்கத் தவழ்கிறாள், கையில் எது அகப்பட்டாலும் நேரே வாய்க்குத்தான். ஒரு அறையில் மாமியார் இருக்கிறார், அதனால் பிள்ளைகளுக்குத் தனி அறை கிடையாது, பொம்மை எல்லாம் ஹாலில்தான். மூடி போட்ட நீளமான மரப்பெட்டி ஒன்று வாங்கிப் போட்டோம். மேலே உட்காரலாம், எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடினால் ஹால் சுத்தம் என்று கணக்கு. நடப்பது வேறு. அவனுக்கு வேண்டிய கார் எப்போதும் அடியில்தான் கிடக்கும், அதற்காகப் பெட்டியில் இருக்கும் அத்தனையையும் வாரி வெளியே போடுகிறான், லெகோ, சொப்பு சாமான், ஜிக்சா துண்டு, யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த ரிட்டர்ன் கிஃப்ட் விசில் எல்லாம் ஒரே குவியல், அதன் நடுவில் சின்னவள் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

இன்னொரு கதை லாஃப்ட். மூத்தவனின் பழைய பொம்மைகளை இவளுக்கு ஆகும் என்று அட்டைப் பெட்டியில் போட்டு ஏற்றியிருந்தேன். மழைக்காலம் முடிந்து இறக்கினால் கரடி பொம்மையில் பூஞ்சை, பாட்டுப் பாடும் யானையில் பேட்டரி கசிந்து பச்சையாக இருக்கிறது, ரப்பர் பல்லி ஒன்று பிளாஸ்டிக் லாரியோடு ஒட்டி லாரியே உருகிய மாதிரி இருக்கிறது. அதிசயமாக இருந்தது, யாரும் நெருப்பு வைக்கவில்லையே!

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பு. பத்தாயிரம் இருபதாயிரம் போட்டு அலமாரி செய்யும் நிலையில் இல்லை. என்ன செய்தால் சரிவரும்?

ரெட்டைவால்_அப்பா

உங்கள் பெட்டிதான் பிரச்சினை, பையன் இல்லை. ஆழமான பெட்டியில் எதைப் போட்டாலும் மேலே இருக்கிற ஐந்தாறு சாமான்தான் பொம்மை, மற்றதெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகாத டப்பாவாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டப்பாவில் ஒரு இனம். கார் என்றால் கார் மட்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். அந்த மூடியைப் பாதி தூக்கிக் கையை எடுத்தால் அது அங்கேயே நிற்கிறதா, இல்லை டமாலென்று விழுகிறதா? விழுகிறது என்றால் இன்றைக்கே மூடியைக் கழற்றுங்கள். தவழுகிற குழந்தை விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கும் வயது இது, எட்டிப் பார்க்கும்போது மூடி கழுத்தில் விழுந்தால் அதனால் தானாக மீண்டு வர முடியாது. மூத்தவன் கண்ணாமூச்சி ஆடி உள்ளே ஒளிந்துகொண்டாலும் காற்றுப் போக வழி வேண்டும்.

மடிப்பாக்கம்_அம்மா

டமாலென்றுதான் விழுகிறது. இதை யோசிக்கவே இல்லை. கணவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நர்ஸ்_அக்கா

தங்கச்சி, முதலில் இனம் பிரிக்க வேண்டாம், உயரம் பிரி. தரையிலிருந்து உன் இடுப்பு வரைக்கும் இருப்பது எல்லாம் சின்னவளுக்கும் எட்டும் என்று நினைத்துக்கொள், அங்கே அவள் வாயில் போட்டாலும் பரவாயில்லை என்கிற சாமான் மட்டும்தான் இருக்கலாம். லெகோ, கோலிக்குண்டு, பார்பி செருப்பு, சொப்பில் வரும் குட்டிக் கரண்டி எல்லாம் மேலே. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு குழாய் அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். வீட்டில் அளந்து பார்க்க வேண்டுமென்றால், பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றுப் பெரியதும் ஆபத்துதான் என்று புரிந்துகொள்ளலாம்.

பட்டன் பேட்டரி பற்றித் தனியாகச் சொல்கிறேன். மினுக்கும் பம்பரம், பேசும் புத்தகம், ரிட்டர்ன் கிஃப்டில் வரும் லைட் மோதிரம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார், ஸ்க்ரூ இல்லாததை வீட்டை விட்டே அனுப்பு. விழுங்கினால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதே, வாழைப்பழம் கொடுத்து வெளியே வருமா என்று காத்திருக்காதே, 108 கூப்பிடு, இல்லை ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடு.

பூச்சிக்கு என்று பொம்மைப் பெட்டியில் அந்துருண்டை போடும் பழக்கம் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். வெள்ளை வெளேரென்று மிட்டாய் மாதிரி இருக்கும், கேட்கவா வேண்டும்? சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்கிற குறை இருக்கும், அவர்களுக்கு அது ரத்த அணுக்களையே உடைக்கும். பொம்மை பக்கம் அது வேண்டவே வேண்டாம்.

கொலு_மாமி

நர்ஸ் பெண் சொன்னது சரி. பூச்சிக்கு வசம்பைத் துண்டாக்கித் துணியில் முடிந்து போடும்மா, அதுவும் குழந்தை கைக்கு எட்டாத பெட்டியில்தான். அட்டைப் பெட்டி மழைக்கால ஈரத்தை உறிஞ்சும், அதிலேயே கரையானும் ஏறும். பழைய வேட்டியைக் கிழித்துப் பொம்மையைச் சுற்றி, டிரங்குப் பெட்டியிலோ இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவிலோ வைத்துப் பார். எங்கள் வீட்டு மரப்பாச்சி எனக்கு முந்தின தலைமுறை, இன்னும் ஒரு கீறல் இல்லை. வைப்பதற்கு முன்னால் நன்றாக வெயில் காட்டு, சூடு ஆறின பிறகு மூடு. ஈரத்தோடு மூடினால் வேட்டி என்ன செய்யும், பாவம்.

உன்னிடம் மடக்குக் கொலுப்படி இருக்கிறதா? நவராத்திரி முடிந்தால் மிச்ச நாளெல்லாம் கட்டில் அடியில் தூங்குகிறது. அதை விரித்துச் சுவரோரம் போட்டு, படிக்குப் படி டப்பா வை. குழந்தைக்கு எல்லாம் முகம் தெரியும், ஆணியும் வேண்டாம்.

ரெட்டைவால்_அப்பா

மாமி, யோசனை அருமை. ஆனால் படியைப் பார்த்தால் ஏறத்தான் தோன்றும், அதுவும் தவழும் குழந்தைக்கு. மூன்று படிக்கு மேல் வேண்டாம், அதையும் ஏறி மிதித்துப் பார்த்து ஆடாமல் நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வைக்கட்டும். ஒன்பது படி என்றால் நான் எதிர்ப்பு.

கொலு_மாமி

ஒன்பது படி யார் சொன்னது? மூன்றுதான்.

பிளாஸ்டிக்_பிரியன்

பல்லி லாரியைத் தின்ற கதைக்கு வருகிறேன், நெருப்பே தேவையில்லை. அந்த ரப்பர் பல்லி பெரும்பாலும் ரப்பரே இல்லை, மெத்தென்ற பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனத்தைக் கலப்பார்கள், அது நாளடைவில் வெளியே கசியும், சூடு கூடினால் இன்னும் வேகமாக. பழைய பொம்மையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அது இதுதான். பக்கத்தில் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் மாதிரி கெட்டி பிளாஸ்டிக் இருந்தால் கசிவு அதற்குள் இறங்கி இளக்கிவிடும். உங்களுக்கு லாஃப்டுக்கு மேலேயே மொட்டை மாடி வேறு, மே மாதத்தில் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று கை வைத்துப் பாருங்கள். மெத்தென்ற பல்லி, பாம்பு, டைனோசர் எல்லாவற்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள், முடிந்தால் லாஃப்டில் வேண்டாம், கட்டில் அடி போதும். பிசுபிசுக்க ஆரம்பித்ததைச் சின்னவளிடம் கொடுக்காதீர்கள்.

யானைக்குப் பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு அந்தக் கம்பி முனையைத் துடையுங்கள், சாதாரண அல்கலைன் பேட்டரி என்றால் கறை கரையும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கசிவு தோலை அரிக்கும். பிறகு ஈரத் துணி, பிறகு நன்றாகக் காய விடுங்கள். இனிமேல் மேலே ஏற்றுவதற்கு முன்னால் எல்லாப் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். அப்படியும் பாடவில்லை என்றால் அது மின்கழிவு. 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளில் பொம்மையும் உண்டு, குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். போகி அன்று தெருவில் கொளுத்தவே வேண்டாம். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும்.

கரடியை மாடிக்குக் கொண்டுபோய், முகத்தில் துணி கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தூளில் துவைத்து உள்பஞ்சு வரை காய விடலாம். காய்ந்த பிறகும் மக்கிய வாடை வந்தால் பூஞ்சை உள்ளே இருக்கிறது, விட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் முயற்சியே வேண்டாம். லெகோ அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் கழுவலாம், 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று தயாரிப்பவர்களே சொல்கிறார்கள்.

பாரிமுனை_ராஜா

டப்பா வாங்க மாலுக்குப் போகாதீர்கள் சகோ. பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார், ஈவினிங் பஜார் மொத்தக் கடைகளில் ஒரே அளவில் ஒரு கட்டாகக் கேட்டால் விலையே வேறு. மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம், காரை எடுத்துவராதீர்கள், நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாதான் வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும், மூடி குழந்தையால் திறக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும். லெகோ டப்பா மட்டும் அதற்கு நேர் எதிர், நான்கு பக்கமும் கிளிப் போட்டதாக எடுங்கள்.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால் ஜவுளிக்கடைக் கட்டைப்பை எந்த வீட்டில் இல்லை? ஜன்னல் கம்பியில் வரிசையாக மாட்டினால் ஆணி வேண்டாம். மென்பொம்மைக்கு ரொம்பப் பொருத்தம், காற்றோட்டமும் இருக்கும். கைப்பிடி நீளமாக இருந்தால் முடிச்சுப் போட்டுச் சின்னதாக்கிவிடுங்கள், குழந்தை தலையை நுழைத்துக்கொள்ளும்.

நர்ஸ்_அக்கா

ராஜா, ஜன்னலில் மாட்டுவது சரி, ஆனால் அதன் கீழே கட்டிலோ நாற்காலியோ இருக்கக் கூடாது, பையை எடுக்கிற சாக்கில் ஜன்னலில் ஏறுவான். கடைசி மாடி.

அடையாறு_ஆச்சி

எல்லோரும் எப்படி அடுக்குவது என்றே பேசுகிறீர்கள், இவ்வளவு எதற்கு வெளியே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மையோடும் ஒருமுறை 16 பொம்மையோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள், 2018இல் வெளியானது. நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். பாதிக்கு மேல் கட்டி உள்ளே வை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்று. மாற்றி எடுத்து வைக்கும் அன்று புதுப் பொம்மை வாங்கின சந்தோஷம் வரும், செலவில்லை.

ரெட்டைவால்_அப்பா

அந்த ஆய்வு இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்து நடந்தது, ஆச்சி. சின்னவளுக்குச் சில மாதம் கழித்துப் பொருந்தும். ஐந்து வயதுக்காரனுக்கு எதை ஒளித்தோமோ அதுதான் வேண்டும். என் மகன் பரணைப் பார்த்துப் பட்டினிப் போராட்டமே நடத்துவான். எதை உள்ளே வைக்கலாம் என்று அவனிடமே கேட்டு, அவன் கையாலேயே கட்ட விடுவதுதான் எங்கள் வீட்டில் எடுபட்டது.

மடிப்பாக்கம்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. மூடி போய்விட்டது, பெட்டி இப்போது மாமியார் அறையில் போர்வை வைக்க. பாரிமுனையில் சின்ன டப்பாக்கள் வாங்கினோம், மாமியாரின் கொலுப்படியில் மூன்று படி சோபா பக்கத்தில் நிற்கிறது. மாமிக்குத் தனி நன்றி, இந்த யோசனைக்கு என் மாமியார் இந்த அளவுக்கு ஒத்துழைப்பார் என்று நான் நினைக்கவில்லை. பையனுக்குப் படிக்கத் தெரியாததால் ஒவ்வொரு டப்பாவிலும் படம் வரைந்து ஒட்டச் சொன்னேன், டைனோசர் டப்பாவில் என்னை வரைந்து வைத்திருக்கிறான். லெகோ சாப்பாட்டு மேசையில், சின்னவள் தூங்கும்போது மட்டும், பெரிய எவர்சில்வர் தாம்பாளத்துக்குள். முடிந்ததும் அப்படியே டப்பாவில் கவிழ்த்துவிடலாம்.

இன்னும் இரண்டு பாக்கி. மூன்று சக்கர சைக்கிளும் நடைவண்டியும் எங்கே வைப்பது? பால்கனியில் வெயிலும் மழையும். அப்புறம் ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு பொம்மையோடு வருகிறார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள்.

பிளாஸ்டிக்_பிரியன்

சைக்கிள் வெயிலில் நின்றால் பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கும், இரும்பு பாகம் துருப்பிடிக்கும். உப்புக் காற்று ஊர் நம்முடையது. வாசல் கதவுக்குப் பின்னால் கைப்பிடியைத் திருப்பி நிமிர்த்தி நிறுத்துங்கள், இடம் பாதியாகும். நடைவண்டியை அவள் இன்னும் சில மாதத்தில் ஓட்டப்போகிறாள், சமையலறை ஓரம் நிற்கட்டும், வெங்காயக் கூடையை அதில் வைத்துக்கொள்ளலாம். மாடிப்படியில் மட்டும் வைக்க வேண்டாம், ஓடி இறங்க வேண்டிய நேரத்தில் வழியை மறிக்கும்.

அடையாறு_ஆச்சி

கொண்டுவருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லாதே, இன்னதுதான் வேண்டும் என்று சொல். கிரயான், கதைப்புத்தகம், பந்து. தீர்ந்துபோகிற சாமான் கேட்டால் இடம் அடைக்காது. எப்படியும் பொம்மைதான் என்று நின்றால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல், 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைக்கு அது கட்டாயம். மூத்தவன் கை கழுவிவிட்ட நல்ல பொம்மை இருந்தால் பக்கத்து அங்கன்வாடியில் கேட்டுப் பார், துடைத்து, துண்டு குறையாமல் கொடு. ஜிக்சாவில் இரண்டு துண்டு காணாமல் போயிருந்தால் அதைக் கொடுக்காதே.

மடிப்பாக்கம்_அம்மா

எங்கள் ஜிக்சா எல்லாவற்றிலும் இரண்டு துண்டு காணோம் ஆச்சி. சரி, மற்றதைப் பிரித்து வைக்கிறேன்.