எனக்குள்ளே திட்டிக்கொண்டிருந்த குரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மாதக் கணக்கு அறிக்கை ஒன்றில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் போட்டுவிட்டேன். மேலாளர் "திருத்தி அனுப்பிடுங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பத்து நிமிட வேலை. ஆனால் அன்று இரவு படுக்கும்வரை என் தலைக்குள் இன்னொருவர் பேசிக்கொண்டே இருந்தார். "ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா? உன்னையெல்லாம் வேலைக்கு வெச்சிருக்காங்களே!" அந்தக் குரல் 'நான்' என்று ஒருநாளும் சொன்னதில்லை, எப்போதும் 'நீ'தான். சின்ன வயதில் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்ன அதே 'உருப்படியா'. அவர் மறந்திருப்பார், நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

தூக்கம் கெட்ட பிறகுதான் மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. "ஒரு வாரம் அந்தக் குரலை நிறுத்தப் பார்க்காதீங்க. எண்ணிட்டு மட்டும் வாங்க." கைக்கு அடக்கமான நோட்டில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். முதல் நாள் 41 கோடுகள். பார்த்ததும் அழுதுவிட்டேன். வேறு யாராவது ஒரு நாளில் 41 முறை என்னை இப்படிப் பேசியிருந்தால் அந்த ஆளின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

வார முடிவில் நேரங்களைச் சேர்த்துப் பார்த்தோம். தவறு செய்த நேரங்களில் கோடுகள் அப்படியொன்றும் கூடவில்லை. மாலை 4 முதல் 6 வரைதான் குவிந்திருந்தன, அதுவும் சரியாகச் சாப்பிடாத, தூங்காத நாட்களில். என் தகுதிக்கான தீர்ப்பு என்று இத்தனை வருடம் நான் நம்பியதில் பாதி, வெறும் பசியும் களைப்பும்.

அப்புறம் நோட்டில் கட்டம் போட்டோம். என்ன நடந்தது, குரல் என்ன சொன்னது, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, இரண்டையும் பார்த்தால் நியாயமாக என்ன சொல்லலாம். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வோடு வந்தவர்களிடம் இப்படிக் கணநேரத்தில் தானாக எழுந்து மறையும் எண்ணங்களைக் கவனித்தாராம். அவர் உருவாக்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்த பயிற்சி இது. "ஒரு வேலையும் உருப்படியில்லை" என்பதற்கு எதிரே நான் எழுதியது: மூன்று வருடத்தில் 36 அறிக்கைகள், திருத்தச் சொல்லி வந்தவை இரண்டு. கடைசிக் கட்டத்தில் "இந்த மாதம் ஓர் இலக்கம் தவறியது, திருத்திவிட்டேன்" என்று எழுதினேன். பெருமை ஒன்றும் இல்லாத வாக்கியம். ஆனால் அதை என்னால் நம்ப முடிந்தது.

*

சகோதரி, கடைசியில் சொன்னீர்களே, 'நம்ப முடிந்தது' என்று, அங்கேதான் நான் இரண்டு வருடம் தடுக்கி விழுந்தேன். கண்ணாடி முன்னால் நின்று "நான் அன்புக்குரியவன், நான் வெற்றியாளன்" என்று தினமும் காலையில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்து "பொய்" என்று பதில் வந்தது. இதுகூட எனக்கு வரவில்லையே என்று புதிதாக ஒரு குறையும் சேர்ந்தது.

பிறகுதான் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கனடாவில் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2009இல் வெளியானது. தன்மதிப்புக் குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்களுடைய மனநிலை மோசமாக இருந்ததாம். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். படித்த அன்று பெரிய பாரம் இறங்கியது. கண்ணாடி வாசகம் பலிக்காதவர்கள் தயவுசெய்து உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். யாராவது பாராட்டினால் "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தட்டிவிடாமல், "நன்றி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. முதல் மாதம் உடம்பே கூசியது.

*

நான் கல்லூரி மாணவி. பேச எழுந்தாலே கை நடுங்கும். என் பெயரைச் சொல்லி, யாரோ ஒரு தோழியிடம் பேசுவதுபோல, "இந்தப் பாடம் உனக்குத் தெரியும், முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் பார்த்துக்கோ" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரின் குழு 2014இல் இதை ஆராய்ந்திருக்கிறது. 'நான்' என்பதற்குப் பதில் தம் பெயரைச் சொல்லி யோசித்தவர்களுக்கு மேடைப் பேச்சின்போது பதற்றம் குறைந்ததாம். எனக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டே முடித்துவிட்டு உட்காருகிறேன்.

அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்தக் குரல் உங்களுக்கு இப்போது வருவதே இல்லையா?

*

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்கு அந்தக் குரல் "நீ இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஆரம்பித்து, சாவைப் பற்றிப் பேசும் அளவுக்குப் போனது. அந்த நிலையில் நோட்டும் கட்டமும் போதாது. அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அவன் ஓர் இரவு என்னை எழுப்பிச் சொன்னான். அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். சிகிச்சை எடுத்தான். நன்றாக இருக்கிறான்.

*

உங்கள் தம்பி உங்களை எழுப்பினாரே, அது போதும் எனக்கு.

தங்கச்சி கேட்டதற்குப் பதில்: வருகிறதும்மா. நேற்றுகூட வந்தது, ஐந்தே கால் மணிக்கு. ஒரு கோடு போட்டேன். மதியம் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.