இன்ஜின் ஃபவுண்டேஷன் மாற்றிய கதை: உங்களுக்கு எப்படி?

ஒட்டன்சத்திரம், 2008 மாடல் டாடா 207

ஃபவுண்டேஷன் என்றால் இன்ஜினை வண்டியின் அடிச்சட்டத்தில் (சேஸிஸ்) தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்டிங். தக்காளியும் முருங்கையும் ஏற்றியே இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. போன ஐப்பசியில் ஐடிலில் நிற்கும்போது ஆட்டம் ஆரம்பித்தது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டீசல் வண்டி, வயசும் ஆச்சு, ஆடாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வண்டியை ஆஃப் செய்யும்போது ‘தடக்’கென்று ஒரு உதறல். கிளட்ச் விட்டால் கியர் ராடு தானாக ஒரு குதி குதித்தது.

ஒரு மெக்கானிக் இன்ஜெக்டர் என்றார். நான்கையும் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஆட்டம் போகவில்லை. இன்னொருவர் கிளட்ச் பிளேட் என்றார். பிளேட் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. மாற்றினோம். உதறல் மட்டும் அப்படியே. இரண்டும் சேர்த்து 14,000 ரூபாய் போயிற்று.

கடைசியில் கண்டுபிடித்தவர் மெக்கானிக்கே இல்லை, சைலன்ஸருக்கு வெல்டிங் வைக்கிறவர். மூன்று மாதத்தில் இரண்டாவது தடவையாகப் பைப் அதே இடத்தில் விரிசல் விட்டிருந்தது. “வெல்டிங் வச்சுத் தர்றேன், அது என் தொழில். ஆனா இன்ஜின் இந்த ஆட்டம் ஆடுறவரைக்கும் இது நிக்காது” என்றார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்தபடி முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டார். நான் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன் (முன்னால் நிற்கவே கூடாது, வண்டி பாய்ந்தால் ஆள் காலி). கிளீனர் பக்கம் (இடப்பக்கம்) இன்ஜின் இரண்டு விரல் உயரம் எழும்பி, மறுபடி பொத்தென்று உட்கார்ந்தது. நல்ல மவுண்டிங்கானால் லேசாகச் சாயுமே தவிர இப்படித் தூக்காது.

கழற்றிப் பார்த்தால் அந்தப் பக்கம் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டே பிய்ந்திருந்தது. போல்ட் பிடித்திருந்ததால் வெளியே தெரியவில்லை. டிரைவர் பக்கம் வேறு கதை. ரப்பர் ஆயில் குடித்து ஊதிப்போய், நகத்தால் கீறினால் கறுப்புப் பிசின் மாதிரி வந்தது. நேர் மேலே, இன்ஜின் தலையை மூடும் டேப்பெட் கவர் பேக்கிங்கில் கசிவு. எத்தனை நாளாகச் சொட்டியதோ! அதை விட்டுவிட்டுப் புது ரப்பர் போட்டால் அதற்கும் இதே கதிதான் என்று பேக்கிங்கை முதலில் மாற்றினோம்.

வேலை பெரிய வேலை இல்லை, அரை நாள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டோம். ஜாக்கி வைப்பவர்கள் ஆயில் சம்புக்கு (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) நேரடியாகக் கொடுக்க வேண்டாம், நசுங்கிவிடும். நடுவில் அகலமான கட்டை வையுங்கள். இரண்டு பக்கப் போல்ட்டையும் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். தூக்கும்போது ஒரு ஆள் ஃபேனையும் ரேடியேட்டர் ஹோஸையும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். புது மவுண்டிங்கைப் போட்டதும் அழுத்தி முடுக்கிவிடாதீர்கள். கையளவில் முடுக்கி, இன்ஜினை இறக்கி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அது தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் ஃபுல் டைட். அவசரப்பட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். கியர்பாக்ஸுக்குக் கீழே இருக்கும் மவுண்டிங்கையும் சேர்த்தே மாற்றினோம்.

ரப்பர் மூன்றும் 1,900, கூலி 1,200. பிள்ளையார் இப்போது அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

கூடலூர், பொலேரோ பிக்கப்

அண்ணா, எர்த் ஒயரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! நான் மாட்டியது அதில்தான். வீட்டு வாசலிலேயே மச்சானும் நானுமாக மாற்றினோம், மழை வேறு. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பின்னல் மாதிரி ஒரு பட்டை ஒயர் வருமே, அதைக் கழற்றி ஓரமாக வைத்ததோடு சரி. எல்லாம் முடித்துச் சாவியைத் திருப்பினால் ‘டிக்’. மறுபடி ‘டிக்’. பேட்டரி இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து ஒயர் கொடுத்து இழுத்தோம். பானெட்டுக்குள்ளிருந்து புகை. ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் கை சுட்டுவிட்டது. செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை இல்லை என்றதும் கிடைத்த கம்பி வழியாகப் போயிருக்கிறது. கேபிள் உருகி ஒட்டிக்கொண்டது. பட்டை மச்சானுடைய லுங்கிக்கு அடியில் கிடந்தது.

இன்னொன்று. உங்கள் சோதனையை ரிவர்ஸிலும் செய்து பார்க்க வேண்டும். முன் கியரில் இடப்பக்கம்தான் எழும்பும், ரிவர்ஸில்தான் வலப்பக்கம் காட்டும். முதல் கியரில் மட்டும் பார்த்துவிட்டு வலப்பக்கம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை.

பொள்ளாச்சி, குட்டி யானை

என் டாடா ஏஸுக்கு இரண்டே சிலிண்டர், 702 சிசி. ஆடுவது அதற்குப் பிறவிக் குணம், அதனால் எது நோய் என்று கண்டுபிடிக்கவே நாளாகும். நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். காசு மிச்சம் என்று லாரி டயரை வெட்டி, துளை போட்டு மவுண்டிங்காக மாட்டினேன். இன்ஜின் அசையவே இல்லை, பிரமாதம். அசைய வேண்டிய ஆட்டமெல்லாம் கேபினுக்குள் வந்துவிட்டது. இன்ஜின் சீட்டுக்கு அடியில் வேறு. கண்ணாடியில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது. உடுமலை போய் வருவதற்குள் கை மரத்துப்போகும். பதினைந்து நாள் தாங்கினேன். ரப்பர் கெட்டியாக இருந்தால் நல்லது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், அது கொஞ்சம் மெத்தென்று இருப்பதற்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

மீண்டும் ஒட்டன்சத்திரம்

கூடலூர் தம்பி எழுதியதைப் படித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். எர்த் பட்டை இருக்கிறது. சேஸிஸ் பக்கத்து நட்டு கையாலேயே சுற்றியது. முடுக்கிவிட்டேன்.