சின்க்ளேரின் 190 கோல்: நிஜமாகவே அவ்வளவு பெரிய விஷயமா?

கேள்வி: கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் 190 கோல் அடித்திருக்கிறாராம், சர்வதேசக் கால்பந்தில் ஆண்களில்கூட யாரும் அவ்வளவு அடித்ததில்லையாம். எல்லாம் சின்ன அணிகளைப் போட்டு வெளுத்ததுதானா?

பதில் 1: 2000-இல் 16 வயதில் வந்தவர், 2023 வரை 331 ஆட்டம். அமெரிக்காவின் அபி வாம்பாக் வைத்திருந்த 184 கோல் சாதனையை 2020 ஜனவரி 29 அன்று டெக்சாஸில் தாண்டினார். பெனால்டியில் அந்த 184-ஐச் சமன் செய்தார், அடுத்த கால் மணி நேரத்தில் புதுச் சாதனையும் வந்துவிட்டது.

பதில் 2: அந்த எதிரணி யார் என்றும் சொல்லுங்களேன். கரீபியன் குட்டித் தீவு நாடு செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ், 11-0! வாம்பாக் 255 ஆட்டத்திலேயே 184 அடித்தவர், என் ஓட்டு அவருக்குத்தான்.

பதில் 3: சரி, அப்போ 2012 ஒலிம்பிக் அரையிறுதி? இங்கிலாந்தின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானத்தில் அதே அமெரிக்காவுக்கு எதிராக மூன்று கோல், மூன்று முறையும் கனடாவை முன்னிலைக்குக் கொண்டுபோனது இவர்தான், கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் 4-3 என்று தோற்றார்கள். இரண்டு கோல் தலையால் முட்டியது. அதைப் பார்த்துவிட்டு வந்து சின்ன அணி என்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: பார்த்துவிட்டேன். வாயை மூடிக்கொள்கிறேன்.